மால்டாவில் குளிர் வீட்டுக்குள் இருக்கிறது

மால்டாவுக்கு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளம். அடுத்தது குளிர். “அக்கா, ஃபோன்ல பாத்தேன், ஜனவரியிலயே பகல்ல 15, 16 டிகிரி காட்டுது. ஊட்டியில இதைவிடக் குளிரும். கம்பளி எல்லாம் எதுக்கு?” என்பார்கள். அவர்கள் பார்த்த எண் சரிதான். ஜனவரியில் பகலில் 15, 16. இரவில் 9, 10. வானம் பெரும்பாலும் நீலமாகத்தான் இருக்கும். நண்பகலில் கடற்கரைச் சாலையில் நடந்தால் மேல்சட்டையைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்ளத் தோன்றும்.

அதே பிள்ளைகள் டிசம்பர் கடைசியில் இரண்டு ஜோடி காலுறை போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, அடுப்பங்கரையில் நின்றபடி எனக்கு ஃபோன் செய்வார்கள். “வெளியே நல்லாத்தான்க்கா இருக்கு. வீட்டுக்குள்ளதான் உட்கார முடியலை.”

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். என் கவனிப்பில் இருப்பவர்கள் எல்லாரும் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பாட்டிகளை நான்னா என்றும் தாத்தாக்களை நான்னு என்றும்தான் இங்கே கூப்பிட வேண்டும். குளிரைப் பற்றி இவர்கள் யாரும் தெர்மாமீட்டரை வைத்துப் பேசி நான் கேட்டதில்லை. சுவரைப் பற்றிப் பேசுவார்கள், காற்றைப் பற்றிப் பேசுவார்கள். இங்கத்துக் குளிரைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இவர்கள் பேச்சுதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மால்டா, கோசோ, கொமினோ என்ற தீவுகள் எல்லாம் சேர்த்தே இந்த நாடு 316 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் இத்தாலியின் சிசிலித் தீவு. வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தால் ஆப்பிரிக்காவின் டூனிஸ் நகரத்தைவிட மால்டா தெற்கே இருக்கிறது. உயரமான இடமே 253 மீட்டர்தான். மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. சுற்றிலும் மத்தியதரைக் கடல். கோடைச் சூட்டைக் கடல் மெதுவாகத்தான் விடும். நவம்பரிலும் தாராளமாகக் குளிக்கலாம். பிப்ரவரியில்தான் நீர் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். ஆகவே இங்கே எதுவும் உறைவதில்லை. லூகா விமான நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலைகூட உறைநிலைக்கு மேலேதான். 2014 டிசம்பர் 31 அன்று சில இடங்களில் நாலைந்து பனித்துகள் பறந்ததை இன்னும் பேசுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலங்கட்டி மழை மட்டும் அடிக்கடி வரும். அது தெருவை வெள்ளையாக்கினால், அரை மணி நேரத்துக்குள் ஊரே படம் எடுத்து முடித்துவிடும்.

அப்புறம் ஏன் எலும்பு வரை குளிர்கிறது?

காரணம் கல். இந்தத் தீவின் நிலத்தடியே சுண்ணாம்புக்கல். தேன் நிறத்தில் இருக்கும், ரம்பத்தால் அறுக்கலாம், அவ்வளவு மிருது. கோட்டைகள், கோயில்கள், சாதாரண வீடுகள் எல்லாம் அதில் கட்டியவைதான். பழைய வீடுகளில் கூரைகூடக் கல் பலகைதான். உயரமான விட்டம், தட்டையான மொட்டை மாடி, நடுவில் முற்றம், தரையில் பூப்போட்ட சிமென்ட் ஓடு. ஜூலையில் வெளியே 35 டிகிரி கொதிக்கும்போது இந்த வீட்டுக்குள் நுழைந்தால் அப்பாடா என்றிருக்கும். வெயிலைத் தடுக்கத்தான் இந்த வீட்டைக் கட்டினார்கள், அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. டிசம்பரிலும் அதே வேலையைச் செய்கிறது, அதுதான் சிக்கல். வெளியே அடிக்கும் இதமான வெயில் உள்ளே வருவதில்லை.

மேலும் அந்தக் கல் நுண்துளைகள் நிறைந்தது. மழைநீரை உறிஞ்சும், நிலத்து ஈரத்தை அடிச்சுவர் வழியாக மேலே இழுக்கும். குளிர்காலத்தில் காற்றின் ஈரப்பதமே 75 சதவீதத்துக்கு மேல் என்பதால் சுவர் காய்வதற்கு வழியே இல்லை. ஈரம் ஏறிய கல் வெப்பத்தைச் சுலபமாகக் கடத்திவிடும். அறையில் எவ்வளவு சூடேற்றினாலும் சுவர் குடித்துவிடும். ஜன்னல்களில் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. சுவருக்கோ கூரைக்கோ வெப்பக் காப்பு என்பது பழைய வீடுகளில் கிடையாது. 14 டிகிரி அறையில் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று ஒரு செவிலியாக எனக்குத் தெரியும். விரல்கள் விறைக்கும், பழைய மூட்டுவலி திரும்பும், இருமல் மாதக்கணக்கில் விடாது. பனி கொட்டும் நாடுகளில் வீட்டுக்குள் நுழைந்ததும் குளிர் முடிந்துவிடும். இங்கே வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தொடங்குகிறது.

இதோடு சூரியனின் கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21 நண்பகலில் இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 31 பாகை உயரத்தில் நிற்கும், ஜூனில் 77 பாகைக்கு மேல். ஊர்களின் பழைய தெருக்கள் கோடை நிழலுக்காகவே குறுக்கியவை. குளிர்காலத்தின் சாய்ந்த வெயில் எதிர்வீட்டு இரண்டாம் மாடியில் பட்டு நின்றுவிடும். தரைத்தள வீட்டுக்கு மாதக்கணக்கில் ஒரு கீற்றுகூட விழாது. ஊர்ச் சதுக்கத்துக்குக் காலை 10 மணிக்குப் போய்ப் பாருங்கள். தேவாலயப் படிக்கட்டில் எந்தப் பக்கம் வெயிலோ அந்தப் பக்கம் தாத்தாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்வார்கள். வீட்டைவிட அந்தப் படிக்கட்டு சூடாக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் இல்லத்தில் ஒரு நான்னா இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர். சிறுவயதில் கெனூர் என்கிற சின்னக் கல்லடுப்பில் சமையல் முடிந்த பிறகு, அந்தக் கனலைச் சுற்றித்தான் வீட்டில் எல்லாரும் இரவு உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது அந்த இடத்துக்குச் சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் வந்துவிட்டது. சிலிண்டரை உள்ளேயே வைத்து அறை அறையாக உருட்டிக்கொண்டு போவார்கள். அது எரியும்போது நீராவியையும் விடுவதால் சுவர் இன்னும் வியர்க்கும். ஜன்னலைத் திறந்துவைக்காவிட்டால் மூச்சுக்கும் ஆபத்து. ஏசியை வெப்பத்துக்குத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் வாங்க வேண்டியது டிஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை இழுக்கும் பெட்டி. ராத்திரி போட்டு வைத்தால் காலையில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். அத்தனையும் நாம் படுத்திருந்த அறையின் காற்றில் இருந்தது.

இந்த ஊரின் வெயிலுக்கு மருத்துவப் புகழும் ஒரு காலத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் நெஞ்சு நோய்க்கு மருந்தாகக் குளிர்காலத்தை இங்கே கழிக்க வந்தார்கள். நான்காம் வில்லியம் மன்னரின் விதவை அரசி அடிலெய்ட் 1838 கடைசியில் வந்து அந்தக் குளிர்காலம் முழுக்கத் தங்கினார். தலைநகர் வல்லெட்டாவில் வானத்தைத் துளைக்கும் கூம்புக் கோபுரத்தோடு நிற்கும் ஆங்கிலிக்கன் பேராலயம் அவர் கொடுத்த பணத்தில் எழுந்தது. அவர்கள் தேடி வந்த வெயில் இன்றும் உண்டு, வெளியில்.

காற்றுக்கு வருகிறேன். இங்கே ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர், ஒரு குணம். அதிகம் அடிப்பது வடமேற்கிலிருந்து வரும் மஜ்ஜிஸ்ட்ரால். சுத்தமான, வறண்ட, வெட்டுகிற காற்று. அது ஒரு நாள் முழுக்க அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் வானம் கழுவிவிட்டது போலிருக்கும். அப்போது கோசோவின் மேட்டில் நின்று வடக்கே பார்த்தால் சிசிலியின் எட்னா எரிமலை, தலையில் பனியோடு, கடலுக்கு அந்தப் பக்கம் தெரியும். நம் காலடியில் பனி கிடையாது, கண்ணுக்கெட்டும் தூரத்தில் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பனிமலை. முதல்முறை பார்க்கிறவர்கள் மேகம் என்றே நினைப்பார்கள்.

தென்கிழக்கிலிருந்து வரும் ஷ்லோக் இதற்கு நேர்மாறு. சகாராவின் தூசியைக் கொண்டுவரும், கடலைத் தாண்டும்போது ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளும். அன்று குளிர் குறையும், ஆனால் மாடிப்படி, தரை, கண்ணாடி எல்லாம் நீர் கோத்து நிற்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. கூடவே மழையும் பெய்தால் கார்கள் மேல் செம்மண் கரைசல்தான்.

எல்லாரும் பயப்படுவது வடகிழக்கின் க்ரிகால். வல்லெட்டாவின் பெரிய துறைமுகம் வாய் திறந்திருப்பதே அந்தத் திசையைப் பார்த்துத்தான். அலை நேராக உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அலைதாங்கிச் சுவர் கட்டினார்கள். 1903-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 2019 பிப்ரவரி கடைசியில் க்ரிகால் அடித்தபோது ஷெம்ஷியா கரைச் சாலையில் கடல் ஏறி வந்து, வளர்ப்புப் பண்ணை மீன்களைத் தெருவில் போட்டுவிட்டுப் போனது. மக்கள் பை எடுத்துக்கொண்டு பொறுக்கினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2017 மார்ச் 8 அன்று, கோசோவின் துவெய்ராவில் இருந்த நீலச் சாளரம் என்கிற இயற்கைக் கல் வளைவு புயலில் ஒரே காலையில் கடலுக்குள் சரிந்துவிட்டது. தீவின் எல்லாச் சுற்றுலா அட்டையிலும் இருந்த வளைவு அது. அந்த வாரம் எங்கள் இல்லத்தில் துக்கவீடு மாதிரி இருந்தது. கோசோவில் பிறந்த ஒரு நான்னு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விவிலியம் படித்தவர்களுக்கு மெலித்தா என்ற தீவின் பெயர் தெரிந்திருக்கும். அது இதுதான் என்பது இங்கே எல்லாருடைய நம்பிக்கை. ரோமுக்குக் கைதியாகப் போன திருத்தூதர் பவுல் ஏறியிருந்த கப்பல், 276 பேரோடு, வடகிழக்குப் புயலில் அகப்பட்டு இங்கேதான் கரையில் மோதியது. கி.பி. 60 வாக்கில் நடந்தது. நனைந்து வந்தவர்களுக்குத் தீவுக்காரர்கள் முதலில் செய்தது நெருப்பு மூட்டியது. மழை, குளிர் என்று காரணத்தையும் விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் நூல் சொல்கிறது. மறுபடி கப்பல் ஓட்டும் பருவம் வரும் வரை மூன்று மாதம் அவர்கள் இங்கேயே தங்கினார்கள். மால்டாவின் குளிர்காலத்தைப் பற்றி இவ்வளவு பழைய, இவ்வளவு சரியான குறிப்பு வேறில்லை என்பேன். பிப்ரவரி 10 அன்று வல்லெட்டாவில் அந்தக் கப்பற்சேதத் திருநாள். பவுலின் சுரூபத்தைத் தோளில் சுமந்து வரும்போது பால்கனிகளிலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகளை மழையாகக் கொட்டுவார்கள். வானமும் சேர்ந்து கொட்டிவிடுமோ என்று காலையிலிருந்தே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மழையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இந்தத் தீவுக்கு மழை என்றால் குளிர்காலம் மட்டும்தான். ஜூன், ஜூலையில் பெரும்பாலும் ஒரு சொட்டுக் கிடையாது. செப்டம்பர் கடைசியில் இடியோடு தொடங்கி, ஐப்பசி கார்த்திகையில் வலுத்து, மாசியில் தளரும். நம் ஊர் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களேதான். வாடையும் மழையும் சேர்ந்து வருகிற கூதிர்காலம் என்றால் என்ன என்று நான் உடம்பால் உணர்ந்தது இங்கேதான். ஆண்டு முழுக்கவும் சேர்த்தே ஏறக்குறைய 550 மில்லிமீட்டர்தான், சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் வருவது மொத்தமாக வரும். பிர்கிர்காராவின் பள்ளத்தாக்குத் தெரு அரை மணியில் ஆறாகிவிடும், வண்டிகள் மிதக்கும், எல்லாத் தண்ணீரும் ம்சீடாவின் கரையில் போய் இறங்கும். வெள்ளத்தை இழுத்துக் கடலில் விட நிலத்துக்கடியில் சுரங்கங்கள் தோண்டியிருக்கிறார்கள், முன்பைவிட இப்போது தேவலை.

நிரந்தரமான ஆறு, ஏரி எதுவும் இந்த நாட்டில் இல்லை. அதனால் மழையைப் பிடித்து வைப்பது இங்கே பழைய பழக்கம். ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் அடியில் பாறையைக் குடைந்த ஒரு தொட்டி உண்டு. மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும். முன்பெல்லாம் கோடைக்கு அதுதான் குடிநீர், சமையல், செடி, எல்லாம். ராபாத், டிங்லி பக்கத்து ஊற்றுநீரை வல்லெட்டாவுக்குக் கொண்டுவர, அப்போது தீவை ஆண்ட மாவீரர் சபையின் தலைவர் விக்னகோர்ட் காலத்தில் 1610 முதல் 1615 வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்குக் கால்வாய் கட்டினார்கள். அதன் வளைவுகள் இன்றும் சாலையோரமாக நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பொறியாளர் ஆஸ்பர்ட் சாட்விக் ஒரு பள்ளத்தாக்கில் சிறு தடுப்பணைகளை அமைத்தார். சாட்விக் ஏரிகள் என்று பெயர், ஆனால் மழை வந்தால்தான் ஏரி. ஜனவரி ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக அங்கே போவார்கள். ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக் கூட்டிவருவார்கள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு அந்தப் பிள்ளைகள் முழங்கால் ஆழ ஓடையில் துள்ளுவதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும்.

சுவரை ஈரமாக்குகிற அதே நுண்துளைக் கல்தான் தீவின் தண்ணீரையும் காக்கிறது. மழை அதில் ஊறி இறங்கி, அடியில் கடல்நீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நல்ல நீர் இலேசு, உப்புநீர் கனம். அந்தப் படலத்தை உறிஞ்சி உறிஞ்சித்தான் இத்தனை நூற்றாண்டு பிழைத்தார்கள். இப்போது உறிஞ்சியது போதும் என்ற நிலை வந்து, குழாய்த் தண்ணீரில் பாதிக்கும் மேல் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள். புது வீடு கட்டினாலும் மழைநீர்த் தொட்டி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கும் கட்டடமாகிக்கொண்டிருக்கும் இந்தத் தீவில் அதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். குளிர்காலத்தில் கடலுக்கு ஓடிவிடும் தண்ணீர் கோடையில் திரும்பி வராது.

சுற்றுலாக்காரர்கள் ஆகஸ்டில் பார்க்கும் மால்டா காய்ந்த மண்ணிறம். உண்மையான நிறத்தைப் பார்க்க ஜனவரியில் வர வேண்டும். முதல் மழைக்கே நத்தைகள் சுவர்களில் ஏறிவிடும், கூடையோடு பொறுக்கப் போகிறவர்கள் உண்டு. டிசம்பருக்குள் வயல்கள் பச்சை. டிங்லி செங்குத்துக் கரையில் காட்டு நார்சிஸஸ் மணக்கும். ஜனவரி கடைசியில் வாதுமை மரங்கள் இலையில்லாமல் வெண்பூவாக நிற்கும். புஸ்கெட் தோப்பில் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே சிற்றோடை சலசலக்கும். காணும் இடமெல்லாம் ஒரு மஞ்சள் பூ, நம் ஊர்ப் புளியாரையின் இனம். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்த செடி, பெயரே ‘ஆங்கிலப் புல்’ என்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தண்டைக் கடித்துப் புளிப்பை உறிஞ்சிக்கொண்டே நடப்பார்கள்.

சாப்பாடும் மாறிவிடும். காய்கறி எல்லாம் போட்டுக் கொதிக்கும் மினெஸ்ட்ரா சூப், கண்ணாடித் தம்ளரில் பால் டீ. எனக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்ததும் கொடுக்கும் இம்புல்யூத்தா. காய்ந்த செஸ்ட்நட் கொட்டையை ஊறவைத்து, கோகோ, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுக் குழைய வேகவைப்பார்கள். இரு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொள்ளும்போதே பாதிக் குளிர் போய்விடும்.

சரி, வரப்போகும் பிள்ளைகளுக்கு. நவம்பருக்கு மேல் வருவதாக இருந்தால் கனமான ஒரே கோட்டு வேண்டாம்; மெல்லிய கம்பளிகளாக நாலைந்து எடுத்து வாருங்கள், வெளியே கழற்றவும் உள்ளே போடவும் வசதி. வீட்டுக்குள் போட மொத்தமான செருப்பு கட்டாயம். ஓட்டுத் தரையின் குளிர் பாதம் வழியாகத்தான் ஏறும். வாடகை குறைவு என்று தரைத்தளத்திலோ அதற்கும் கீழேயோ அறை பிடிக்காதீர்கள். நான்கு பேர் தங்கி, உள்ளேயே சமைத்து, உள்ளேயே துணி காயப்போடும் அறையில் பூஞ்சணம் ஒரு மாதத்தில் வந்துவிடும். அப்படி ஓர் அறையில் தங்கி, இருமி இருமி வேலைக்கே போக முடியாமல் கிடந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தார், மூன்று வாரத்தில் கறுப்பு திரும்பியது. அறை பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். அலமாரியை நகர்த்தி அதன் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள், படுக்கையின் மூலையை முகர்ந்து பாருங்கள், ஜன்னல் தெற்கே பார்க்கிறதா என்று கேளுங்கள். புதுப் பெயின்ட் வாசனை மட்டும் அடிக்கிறதென்றால் இன்னும் நன்றாகத் தேடுங்கள். வேலை இல்லாத நாளில் வெயில் இருக்கும்போது அறைக்குள் இருக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். 11 மணிக்கு ஸ்லீமா கடற்கரைச் சாலையில் பெஞ்சுகளெல்லாம் நிறைந்திருக்கும். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் நான்னாக்கள் சந்தோஷமாக இடம் கொடுப்பார்கள்.